மழைக்கு நிறம் பூசினாற் போதுமா?

மஞ்சள் என்றால் விழித்திரு. செம்மஞ்சள் என்றால் அணியமாயிரு. சிவப்பு என்றால் உடனே செயற்படு. சென்னையிலுள்ள மண்டல வானிலை ஆய்வு நடுவம் மழைக்காலந்தோறும் மாவட்டங்களுக்குப் பூசிவரும் மூன்று நிறங்களின் பொருள் இவ்வளவே. துலைத் திங்கள் பிறந்துவிட்டால் தமிழ்நாட்டுத் தொலைக்காட்சிகள் அனைத்தும் இந்நிறங்களையே ஓதத் தொடங்கிவிடும். ஓதும் மொழியோ 'ரெட் அலர்ட்' என்பதாம்! அலர் என்றால் மலர்தல் என்றும், ஊரார் தூற்றும் பழிச்சொல் என்றும் அறிந்த தமிழர் செவியில் அந்த 'அலர்ட்' என்ன பொருள் கொண்டு விழுமோ, அதனைப் படித்துச் சொல்வாரே அறிவர். அது நிற்க. அதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. அந்நிறம் வானத்தைப் பற்றிச் சொல்கிறது. ஊரைப் பற்றி அதற்குச் சொல்லத் தெரியாது.

2023 திசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை தொடங்கி மறுநாட் காலை வரையிலான ஒரே நாட்பொழுதில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை கொட்டித் தீர்த்தது. திருச்செந்தூரில் 69 செ.மீ.; திருவைகுண்டத்தில் 62 செ.மீ. தூத்துக்குடி மாவட்டம் ஓராண்டு முழுவதும் பெறுகின்ற மழையே ஏறத்தாழ 66 செ.மீ. தான் என்றால், அன்று பெய்தது எத்தகைய மழை என்பது தெற்றென விளங்கும். பொருநையாற்றில் நொடிக்கு நூறாயிரம் கன அடிக்கும் மேற்பட்ட நீர் புரண்டோடியது. ஏரலும் ஆத்தூரும் திருவைகுண்டமும் சூழ்ந்த சிற்றூர்களும் நாட்கணக்கில் வெளியுலகத் தொடர்பற்றுக் கிடந்தன. மின்னோட்டம் அற்றது, கைப்பேசிக் கோபுரங்கள் வாய்மூடின. தென்மாவட்டங்களில் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் மாய்ந்தன.

வெள்ளம் வடியுமுன்னரே வழக்கு மூண்டது. பன்னிரண்டாம் நாளே முன்னறிவிப்புத் தந்துவிட்டோம் என்றது நடுவணரசு. அறிவித்த அளவினும் பன்மடங்கு மிகுதியாகப் பெய்துவிட்டது என்றது தமிழ்நாட்டரசு. இரண்டு கூற்றும் ஒருங்கே மெய்யாக இருத்தற்கு இடமுண்டு என்பதே இங்கு எண்ணிப் பார்க்கத் தக்கது. ஒரே நாளில் ஏறத்தாழ 20 செ.மீ.க்கு மேற்பட்டுப் பெய்யும் மழையனைத்தும் சிவப்பு நிறத்துள் அடங்கும். இருபத்தொன்றும் சிவப்பே, தொண்ணூற்றைந்தும் சிவப்பே. முன்னது தெருவில் முழங்கால் நீர். பின்னது கூரைமேல் ஏறி நின்று கூவும் நிலை. இவ்விரண்டிற்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு, 'யாம் சொன்னோம்', 'நீவிர் சொன்னதற்கு மேல் பெய்தது' என்று ஒருவர்மேல் ஒருவர் பழிசுமத்துவதால், ஏரல் கடைத்தெருவில் நின்ற நீர் ஒரு விரற்கடையேனும் குறைந்திருக்குமா?

இன்ன ஊரில் இத்தனை செ.மீ. பெய்யுமென்று முன்கூட்டியே வரையறுத்துச் சொல்லும் ஆற்றலை உலகில் எந்த வானிலைக் கருவியும் இன்னும் பெற்றிலது. ஆகவே, காயல்பட்டினத்தில் தொண்ணூற்றைந்து பெய்யுமென்று ஏன் சொல்லவில்லை என வானிலை நடுவத்தாரைக் கேட்பது முறையன்று. கேட்க வேண்டிய கேள்வி வேறு. மழை பெய்யத் தொடங்கிய பின்னர், குளங்கள் ஒவ்வொன்றாக நிரம்பிக்கொண்டிருந்த அந்த இரவில், மேலூர்க்குளம் மறுகால் பாய்கிறது என்னும் செய்தி கீழூரை எவ்வழியிற் சென்றடைந்தது? அதனைக் கொண்டுசெல்லும் கடமை எவருடையதாக இருந்தது?

இங்குத் தமிழ்நாடு மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் பணிகளைக் கூறாமல் விடுவது நடுவுநிலையாகாது. 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்கும் 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்திற்கும் பின்னர், வெள்ளம் வந்தபின் சோற்றுப்பொட்டலம் வழங்குவதே அரசின் கடமை என்றிருந்த நிலை ஓரளவு மாறியுள்ளது. வெள்ளம் சூழத்தக்க இடங்களென நாலாயிரத்துக்கும் மேற்பட்டவை தமிழ்நாடெங்கும் கணக்கெடுக்கப்பட்டன. தாழ்விடங்கள் நால்வகையாகப் பிரிக்கப்பட்டன. அவ்வவ்வூரிலேயே வாழ்வாருள் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர், பெண்டிர் உள்ளிட்டு, முதல்நிலைப் பொறுப்பாளராகத் தெரிந்தெடுக்கப்பட்டுப் பயிற்சி பெற்றனர். மாடு கன்றுகளை மேட்டுக்கு ஓட்டவும், விழுந்த மரங்களை அறுத்தகற்றவும் எனத் தனித்தனிக் குழுவினர் அமைக்கப்பட்டனர். மாநிலத்திற்கு 1070, மாவட்டத்திற்கு 1077 என்று எவரும் நினைவிற் கொள்ளத்தக்க எண்கள் தரப்பட்டன. 2024-இல் கைப்பேசி வழியே தமிழிலேயே மழையளவும் நீர்த்தேக்க நிலையும் அறிவிக்கும் ஏற்பாடும் வந்தது. இவையெல்லாம் வரவேற்கத் தக்கனவே. அரசு செய்வதனைத்தையும் பழிப்பதே தமிழ்ப்பற்று என்று எவரும் கருதிவிடல் வேண்டா.

எனினும் பொருநைக் கரையில் நடந்தது என்ன? அவ்வாற்றின் அமைப்பை அறிந்தார்க்கே அது விளங்கும். மேலை மலையிற் பிறந்து நெல்லைச் சீமையையும் தூத்துக்குடிச் சீமையையும் வளமாக்கிக் கடல்சேரும் பொருநைக்குக் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. அவற்றுள் ஏழு பண்டைத் தமிழர் கட்டியவை. எட்டாவதாகிய திருவைகுண்டம் அணைக்கட்டு 1870-களில் ஆங்கிலவர் காலத்தெழுந்தது. அவற்றினின்று பிரியும் பதினொரு கால்கள் நூற்றெண்பதுக்கும் மேற்பட்ட குளங்களை நிரப்புகின்றன. ஒரு குளத்தின் மறுகால்நீர் அடுத்த குளத்திற்கு வரத்துநீர். அதன் மறுகால் அதற்கடுத்ததற்கு. இவ்வாறு கோத்த மணிமாலை போல் அமைந்ததே தமிழர் நீரமைப்பு. பெருமழையில் மேலே ஒரு குளம் உடைந்தால் கீழே உள்ளவை வரிசையாக உடையும் என்பதும் அம்மாலைக்குரிய இடர்ப்பாடாம்.

1992 நவம்பர் 13-இல் வந்த பெருவெள்ளத்தை நெல்லை முதியோர் இன்றும் மறந்திலர். அன்று மலையிற் பெய்தது மழை, நிரம்பியவை அணைகள். பாவநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளின் நீர்மட்டத்தை நோக்கியிருந்தாற் போதும், கீழே வருவதை அறியலாம் என்னும் படிப்பினை அதனாற் கிடைத்தது. முப்பத்தோராண்டு கழித்து வந்த வெள்ளமோ அப்படிப்பினைக்குள் அடங்கவில்லை. இம்முறை மலையொடு நில்லாமல், அணைகளுக்குக் கீழே, கடலோரச் சமவெளியிலும் தேரிக்காட்டிலுமே மழை மிகுந்து கொட்டியது. அணையில் அளவெடுத்துக்கொண்டிருந்த கருவிக்கு, அணைக்குக் கீழே நிரம்பிக்கொண்டிருந்த குளங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. தூத்துக்குடி நகருக்கு அருகில் இருபத்துநான்கு கண் மதகோடு அமைந்த கோரம்பள்ளம் குளத்தின் கரை உடைந்து நகருக்குள் நீர் புகுந்தது. மாவட்டமெங்கும் உடைந்த குளங்கள் பல. ஒவ்வொரு குளம் உடையுமுன்னரும், கரை கசிவதையும் மடைவாயில் மண் அரிபடுவதையும் எவரேனும் ஓர் உழவர் கண்டிருப்பார். கண்டவர் கூவியிருப்பார். அக்கூவல் எட்டிய தொலைவே அன்றைய முன்னறிவிப்பின் எல்லை.

அதே இரவில், அதே திருவைகுண்டத்தில், செய்தி உரிய வேளையில் உரியவரைச் சென்றடைந்தால் என்ன நிகழும் என்பதற்கும் ஒரு சான்று கிடைத்தது. திருச்செந்தூரினின்று சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் விரைவு வண்டி ஏறத்தாழ எண்ணூறு பயணிகளுடன் திருவைகுண்டம் நிலையத்தை அடைந்தது. அப்பால் தண்டவாளத்தின் அடிமண்ணையும் சல்லியையும் வெள்ளம் அரித்துச் சென்று, தண்டவாளம் அந்தரத்தில் தொங்கிற்று. நிலையத் தலைவர்க்கு அறிவிப்பு எட்டியது. அவர் வண்டியை நிறுத்தி வைத்தார். எண்ணூறு உயிர்கள் பிழைத்தன. அங்கே சிறப்பாக ஒன்றும் இல்லை. வழியை நோக்க ஓராள், அவர் சொல்வதைக் கேட்க ஓராள், கேட்டவுடன் செயற்பட அதிகாரமுடைய ஓராள். மூவரையும் பிணைக்கும் ஒரு தொடர்பு. இத்துணையே! இருப்புவழிக்கு நூற்றாண்டுக்கு முன்பே அமைந்துவிட்ட இவ்வேற்பாடு குளக்கரைக்கு இன்னும் அமையவில்லை. நிலையத்தில் முடங்கிய அப்பயணிகளுக்கு, தாமும் வெள்ளத்திற் சிக்கியிருந்த புதுக்குடி ஊர்மக்கள் தம் அரிசியைக் கொண்டு சமைத்திட்டனர் என்பதையும் இவ்விடத்திற் சொல்லியே ஆக வேண்டும். மீட்புப்படை வந்தது பின்னர். ஊரார் வந்தது முன்னர். எந்நாட்டு வெள்ளத்திலும் இந்த முறைவைப்பு மாறுவதில்லை.

குளக்கரைக்கு அத்தகைய ஏற்பாடு தமிழ்நாட்டில் என்றுமே இருந்ததில்லையா? இருந்தது. முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் இரண்டும், 919, 921 ஆகிய ஆண்டுகளுக்குரியவை, ஊரவையின் உறுப்பாக ஏரிவாரியம் இயங்கியதைக் கூறுகின்றன. அவ்வாரியத்தில் அமர்வதற்கு நிலமும் கல்வியும் பிறப்பும் தகுதிகளாக வகுக்கப்பட்டிருந்தன. அதனை மறைத்து அப்பழமையைப் போற்றுவதற்கில்லை. ஆயினும், ஏரியைக் காப்பது ஊரின் வேலை என்பதும், அதற்குப் பெயர் குறித்த பொறுப்பாளர் வேண்டும் என்பதும் அங்கே ஐயமற நிறுவப்பட்டிருந்தன. பிற்காலத்தில் நீர்க்கட்டி என்றும் நீர்ப்பாய்ச்சி என்றும் மடைக்குடும்பன் என்றும் ஊருக்கேற்றவாறு வழங்கப்பெற்றோர், விளைச்சலின் போது களத்துமேட்டில் நெல் பெற்றுக்கொண்டு மடையையும் கரையையும் காத்தனர். எந்த மழைக்கு எந்தக் கலிங்கில் எத்தனை பலகை எடுக்க வேண்டுமென்று அவர்க்குத் தெரியும். எழுதிவைத்த அறிவன்று அது. கால்சேற்றில் ஊறிய அறிவு.

வெள்ளையராட்சி குளங்களைப் பொதுப்பணித்துறையின் கணக்கேட்டுக்குள் கொண்டுவந்தபின் அவ்வூர்ப் பொறுப்பு மெல்ல மெல்லத் தேய்ந்தது. தேய்ந்ததை அவர்களும் உணர்ந்தே இருந்தனர். 1858-இல் அவர்கள் இயற்றிய சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம், குளமோ காலோ உடைப்பெடுக்கும் வேளையில் உடலுரமுள்ள உழைப்பாளரைக் கட்டாயமாக அழைத்து வேலைவாங்க இடந்தந்தது. தானாக நடந்துவந்த பணிக்குத் தண்டனையைக் காட்டி ஆளழைக்க வேண்டிய நிலை வந்ததென்றால், ஊர்க்கும் குளத்திற்கும் இடையிலிருந்த உறவு அதற்குள் எவ்வளவு நைந்துபோயிற்று என்று உணரலாம். விடுதலைக்குப் பின்வந்த ஆட்சிகளும் அந்நைவைத் தைத்தாரில்லை. குளம் துறைக்குரியது, மடை துறைக்குரியது, உடைப்பு மட்டும் ஊருக்குரியது என்றாயிற்று.

முன்னறிவிப்புக்குரிய கருவியாகத் தமிழ்நாட்டில் நெடுங்காலம் விளங்கியது பறை. குளம் உடைந்தாலும் ஆறு பெருகினாலும் பறை முழங்கும், கேட்டவர் எழுந்தோடுவர். ஆனால் அப்பறையை அறைவது ஒடுக்கப்பட்ட ஒரு பிரிவார் மேல் மட்டும் சுமத்தப்பட்ட இழிபணியாக இருந்தது. அவர்தம் உழைப்பில் ஊர் தப்பும். தப்பிய ஊர் அவரைச் சேரிக்கு அனுப்பிவிடும். அச்சேரியோ பெரும்பாலும் வெள்ளம் முதலிற் புகும் தாழ்நிலத்திலேயே இருக்கும்! ஆகவே, 2022 ஆகத்துத் திங்களில் தண்டோரா முறையை விலக்கித் தமிழ்நாட்டரசு ஆணையிட்டது முற்றிலும் சரியே. அதற்கு மாற்றாகக் கூறப்பட்டது வண்டியிற் பொருத்திய ஒலிபெருக்கி. வழியெல்லாம் இடுப்பளவு நீர் நிற்கையில் வண்டி எங்கே செல்லும்? கைப்பேசிக் கோபுரம் சாய்ந்தபின் தமிழிலேயே வரும் செய்திதான் எதில் ஒலிக்கும்? வங்காள நாட்டுக் கடற்கரையில், 1970-ஆம் ஆண்டுப் புயல் பல நூறாயிரவரை விழுங்கியபின் அமைக்கப்பட்ட தொண்டர் படையினர், கையாற் சுழற்றி ஒலியெழுப்பும் ஊதுகருவியையும் கைம்முழக்கியையும் இன்றும் வைத்திருக்கின்றனர். மின்னோட்டம் வேண்டாத கருவி அது. ஆணோ பெண்ணோ, எக்குடியிற் பிறந்தவரோ, பயிற்சி பெற்ற எவரும் சுழற்றலாம். பழைய பறையின் பயனும் உண்டு. பழைய இழிவும் இல்லை.

மேலூரையும் கீழூரையும் செய்தியாற் பிணைப்பது எவ்வாறு என்பதற்கும் முன்காட்டு உண்டு. இமயமலையை ஒட்டிய எட்டு நாடுகளுக்கென 1983-இல் காத்மாண்டுவில் நிறுவப்பட்டது ஒருங்கிணைந்த மலைமேம்பாட்டுக்கான பன்னாட்டு நடுவம். அந்நடுவம் 2010 முதல் அசாமின் தேமாசி, இலக்கீம்பூர் மாவட்டங்களில் சிற்றாறுகளின் கரையில் எளிய கருவிகளை நட்டது. ஆற்றில் நீர் குறித்த அளவுக்கு ஏறியதும், கதிரொளியால் இயங்கும் அக்கருவி கம்பியின்றிச் செய்தி விடுக்கும். அருகில் ஓர் ஊர்க்காரர் வீட்டில் வைத்துள்ள பெட்டி ஒலிக்கும். அவர் கீழேயுள்ள ஊர்களுக்குத் தொலைபேசியிற் சொல்வார். அவ்வூரார் மாட்டை அவிழ்ப்பர், நெல்லை ஏற்றுவர், பிள்ளைகளைத் தூக்குவர். கருவியைப் பழுதுபார்க்கவும் உள்ளூராருக்கே கற்றுத் தரப்பட்டது. 2014-இல் ஒன்றிய நாடுகளின் காலநிலை அமைப்பு இப்பணியைத் தேர்ந்து பாராட்டிற்று.

பின்னர் அதே முறை நேபாளத்தில் தோன்றிப் பீகாருக்குள் பாயும் இரத்து ஆற்றிற்கும் சென்றது. 2017 ஆகத்து வெள்ளத்தின்போது, நேபாளத்தில் ஆறு பெருகுவதைக் கண்டவர் எல்லைக்கு அப்பாலிருந்த பீகார் ஊர்களுக்கு நேரே சொல்லிவிட்டமையால், அவ்வூரார் பல மணி நேரம் முன்னதாகவே விழித்துக்கொண்டனர். ஒரு நாட்டின் ஊர் இன்னொரு நாட்டின் ஊரை எழுப்பியது! காத்மாண்டு புதுதில்லிக்கு எழுதி, புதுதில்லி பாட்னாவுக்கு எழுதி, பாட்னா மாவட்டத்திற்கு எழுதும் வரை வெள்ளம் காத்திருக்குமா? எல்லைக்கு இருபுறத்தும் மக்கள் வாயில் வழங்குவது மைதிலி. இரு நாடுகளின் ஆட்சிமொழிகளும் வேறு. உயிர்காத்த செய்தி போய்ச் சேர்ந்தது தாய்மொழியில். எல்லைகடந்த இரண்டு அரசுகளுக்கிடையே இயன்ற இது, ஒரே மாவட்டத்துள், ஒரே மொழி பேசுகின்ற, ஒரே காலின் நீரைக் குடிக்கின்ற இரண்டு ஊர்களுக்கிடையே இயலாதா?

மொழி என்றதும், தமிழிற் சொல்லிவிட்டாலே போதும் என்று எண்ணிவிடுதல் கூடாது. சொல் தமிழாயிருந்து பொருள் விளங்காமற் போவதும் உண்டு. 2015 திசம்பர் முதல்நாள் இரவு செம்பரம்பாக்கம் ஏரியினின்று நொடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றில் விடப்பட்டது. அவ்வெள்ளம் செயற்கையாக நேர்ந்ததே என்று 2018-இல் பேரவையில் வைக்கப்பட்ட இந்தியக் கணக்காய்வுத் தலைவரின் அறிக்கை குறை கூறிற்று. அத்தீர்ப்பு ஒருபுறமிருக்க, 29,000 என்னும் எண்ணைச் சைதாப்பேட்டை ஆற்றோரக் குடிசையிலிருந்த ஒரு தாய் கேட்டிருந்தால்தான் என்ன அறிந்திருப்பாள்? நீர் படிக்கட்டில் நிற்குமா, பரணில் ஏறுமா? 'இன்று இரவு நீர் பாலத்தின் மேற்றளத்தைத் தொடும். முதல் மூன்று தெருக்களும் மூழ்கும். பள்ளிக்கூட மாடிக்குப் போய்விடுங்கள்' என்பதே அவளுக்குரிய தமிழ். பொறியாளரின் எண்ணை ஊராரின் அடையாளத்திற்கு மாற்றித் தருவதே மொழிபெயர்ப்புகளுள் தலையாயது. அதனைச் செய்யத்தான் ஆணையங்கள் வேண்டும்.

இப்பணிக்குப் பெருஞ்செலவு தேவையில்லை. ஒவ்வொரு குளத்தின் கலிங்கருகிலும் அடிக்கணக்கு எழுதிய ஒரு கல்; அதில் இந்த அளவுக்குமேல் நீர் நின்றால் கீழூர்க்குச் சொல் என ஒரு சிவப்புக்கோடு. சிவப்பு வானத்துக்கு மட்டும் உரியதாய் இராமல் கரைக்கும் வரட்டும். மழைக்கால மூன்று திங்களும் அக்கல்லை நோக்கியிருக்கக் கூலியோடு ஒருவர். அவர் கையில் கம்பியில்லாக் கருவி ஒன்று, ஊதுகருவி ஒன்று. மேற்குளத்தாரும் கீழ்க்குளத்தாரும் தத்தம் பெயரும் முகமும் அறிந்திருத்தல் வேண்டும். ஏனெனில், கீழ்க்குளத்தார் கேளாமல் மேற்குளத்தார் இரவோடிரவாகக் கரையை வெட்டிவிடும் பூசல்களும் வெள்ளக் காலத்தில் நிகழாதவை அல்ல. ஆணையம் நிறுவிவரும் தானியங்கி மழைமானிகளின் கணக்கு சென்னைக்குப் போவதோடு நில்லாமல், அதே நேரத்தில் அக்குளக்காவலர்க்கும் வருதல் வேண்டும். முதல்நிலைப் பொறுப்பாளர் பட்டியலில் அவர் பெயரே முதலில் நிற்றல் வேண்டும்.

தமிழ்நாட்டின் ஒவ்வோர் ஊராட்சியிலும் அக்தோபர் 2-ஆம் நாள் ஊரவை கூடுகிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்குதற்குச் சிலநாள் முன்னதாகவே வரும் கூட்டம் அது. வழக்கமான வரவுசெலவுக் கணக்கோடு, இன்னொரு தாளும் அங்கே உரக்கப் படிக்கப்படட்டும்: குளத்துக்குக் காவல் எவர், ஊதுகருவி எவர் வீட்டில், எத்தெருவிற் படுக்கையிற் கிடக்கும் முதியோர் எத்தனை பேர், அவரைத் தூக்க வரும் இளைஞர் இருவர் யார் யார், ஊரில் நீர் ஏறாத மேடு எது, அம்மேட்டின் திறவுகோல் எவரிடம்.